தாள் முடியும்வரை ஒரு கோடு

பி.எஸ்சி. புள்ளியியல் நான் ஆசைப்பட்டு எடுத்ததல்ல. தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் குற்றாலத்துக் கல்லூரிக்குப் போய்ப் பொழுது சாயுமுன் வீடு திரும்பிவிடலாம். அங்கே இந்தப் பாடத்தில்தான் இடம் இருந்தது. அப்பா சேர்த்துவிட்டார். இரண்டு வருஷம் லாகரிதம் புத்தகத்தோடு மாரடித்தேன். ஓரிடத்தில் தசமப்புள்ளி தவறினால் கணக்கு முழுவதும் குட்டிச்சுவர். அந்தப் பாடத்தைக் கண்டாலே எரிச்சல்.

மூன்றாம் வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். எண்களைத் தட்டிக் கொடுத்தால் போதும்; சராசரி, விலக்கம், புள்ளிகளின் போக்கைக் காட்டும் கோட்டுக்கான சமன்பாடு எல்லாம் கறகறவென்று தாளில் வந்து விழும். எரிச்சல் போன இடம் தெரியவில்லை. எம்.எஸ்சி.யும் இதையே படிக்கப் பைத்தியம் பிடித்தது. அதற்குத் திருநெல்வேலி ஹாஸ்டலில் தங்க வேண்டும், அப்பா சம்மதிக்க வேண்டும்.

என் சாமர்த்தியத்தைக் காட்டி அவரை மசியவைக்க நினைத்தேன். எங்கள் தெருப் பெண்கள் எதுவரை படித்தார்கள், எந்த வயதில் கல்யாணம் ஆனது என்று விசாரித்துக் கம்ப்யூட்டரில் போட்டேன். தாளில் புள்ளிகள் வந்தன. சமன்பாட்டைப் பார்த்து, ஸ்கேல் வைத்துக் கோட்டை நானே இழுத்தேன், தாள் முடியும்வரை.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “இது என்னட்டி, ஏறிக்கிட்டே போகுது?”

“படிக்கப் படிக்கக் கல்யாண வயசு கூடுதுப்பா. கம்ப்யூட்டர் போட்ட கணக்கு.”

“மெஷின் தப்பாச் சொல்லுமோ?”

“சொல்லவே சொல்லாது.” ஒரு மாதமாக வீட்டில் இதைத்தான் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் கோட்டின் நுனியில் விரலை வைத்தார். “அப்ப எம்.எஸ்சி. படிச்சா நீ இங்கன வந்து நிப்ப. வேண்டாம்ட்டி. கம்ப்யூட்டரே சொல்லுதுல்லா.”

எனக்கு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று தெரியும். வந்த விடையை எதுவரை நம்பலாம் என்று தெரியாது. என் பொறியில் நானே மாட்டிக்கொண்டேன்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊருக்குச் சாரல் சீசனில்தான் பெண் பார்க்க வருவார்கள். அருவிக் குளியலும் ஆகிவிடும். என்னைப் பெண் பார்க்க அப்பா வரச்சொன்னவர்களும் ஐந்தருவியில் குளித்த ஈரத்தலையோடு வந்தார்கள். அப்பா அந்தத் தாளை எடுத்து மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் நீட்டினார். “எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டது அண்ணாச்சி.”

பக்கத்தில் நின்றிருந்த நான் அப்போதுதான் அதை நிதானமாகப் பார்த்தேன். பி.ஏ.வுக்கு அப்பால் ஒரு புள்ளிகூட இல்லை. எங்கள் தெருவில் அதற்குமேல் யாரும் படித்ததே இல்லை. வெறுந்தாளில் என் ஸ்கேல்தான் ஓடியிருந்தது.

“அப்பா” என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா என் தலையைத் தாழ்த்திப் பூ வைத்தார்.