கூண்டின் கொக்கி

கூண்டைத் திறந்துவிட்டது நான்தான். என் மகள் அல்ல. தன் கவனக்குறைவுதான் காரணம் என்று அவள் இன்றுவரை நம்புகிறாள்... நம்ப வைத்தவளும் நானே!

உங்களிடம் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பார்களே, அந்தச் சின்னக் கிளிகள். பச்சைக்கு லட்டு, நீலத்துக்குப் பூந்தி என்று பெயர். பெங்களூரு தொம்மலூரில் எங்கள் வீட்டு பால்கனியில் கூண்டு இருந்தது. என் மகள் நிவி அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்குக் கிளம்புமுன் தீனி வைப்பது அவள் வேலை.

நீங்கள் கிளி வளர்த்திருக்கிறீர்களா? தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். பார்வைக்குக் கிண்ணம் நிறைந்திருக்கும். தின்பதற்கு ஒன்றும் இராது. ஊதிப் பார்த்தால்தான் தெரியும். நிவி தினமும் கிண்ணத்தை முகத்தருகே பிடித்து ஊதுவாள். உமியும் இறகுத் தூசியும் பறந்து அவள் மூச்சுக்குள்ளேயே திரும்பிப் போகும்...

அவளுக்கு ஆஸ்துமா. ஒரு காலையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் சாய்ந்தாள். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. ஆட்டோ நெரிசலில் ஊர்ந்த நேரம் முழுக்க அவள் விலா எலும்புகள் என் உள்ளங்கையின் கீழே ஏறி இறங்கின.

"வீட்டுல பறவை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் டாக்டர். இனி இருக்கக் கூடாது என்றார்.

நானே ஊதித் தீனி வைக்கிறேன் என்று நிவியிடம் சொன்னேன். "உனக்கு ஊதத் தெரியாதும்மா, பாதித் தினையைக் கொட்டிடுவே" என்றாள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன்.

"குடுத்துப் பாரு! நான் இன்ஹேலர் பம்ப்பே அடிக்க மாட்டேன்."

சொன்னதைச் செய்பவள் அவள். என் வயிற்றில் பிறந்தவள் அல்லவா!

கொடுத்திருந்தால், கொடுத்தவள் நானாகியிருப்பேன். அழுது அடம்பிடித்துத் திரும்ப வாங்கி வந்திருப்பாள். இல்லையென்றால் வேறு ஜோடி கேட்டிருப்பாள். அவள் இன்னொரு முறை கிளியே கேட்கக் கூடாது... அதற்கு ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது.

அவள் பள்ளிக்குப் போனதும் கொக்கியை எடுத்துக் கதவைத் திறந்தேன். அவை போகவில்லை! கூண்டிலேயே பிறந்தவை, திறந்த கதவு எதற்கென்றே அவற்றுக்குத் தெரியவில்லை. கையை உள்ளே நீட்டினேன். நிவி பழக்கியிருந்தபடி லட்டு என் விரலில் ஏறி உட்கார்ந்தது. கொத்தமல்லித் தழை கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கும். அப்படியே வெளியே வீசினேன்.

பூந்தி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்து கூண்டின்மேல் உட்கார்ந்தது. துண்டை எடுத்து விரட்டினேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் விரட்டினேன்...

சுதந்திரம் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவின்மேல் பருந்துகள் வட்டமிடுவதை தினமும் பார்ப்பவள் நான். தெரிந்தேதான் செய்தேன்!

மாலையில் பையைக்கூடக் கழற்றாமல் கூண்டின் முன் நின்றாள்.

"அம்மா... நான் மூடலியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காற்றில் திறந்திருக்கும் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "காலையில தீனி வெச்சது நீதானே?"

எதிர்வீட்டு ஆன்ட்டி ஓடி வந்து அவளை அணைத்துக்கொண்டார். "ஹோகலி பிடு, பாப்பா. போனா போகுது. ரெக்க இருக்கிறது பறக்கத்தானே செய்யும்?" நான் அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

அவள் இன்னொரு கிளி கேட்கவே இல்லை. நான் நினைத்தபடியே நடந்தது. மூச்சு சீரானது, இன்று கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறாள். மாடிப்படியைத் தாவித் தாவி ஏறுகிறாள். அந்த மூச்சுக்காக எத்தனை கிளிகளை வேண்டுமானாலும் வீசுவேன். நீங்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லுங்கள்... சொல்லிக்கொள்ளுங்கள்! உங்கள் பிள்ளையின் உதடு நீலமாகிப் பார்த்திருக்கிறீர்களா?

ஆனால் 'தீனி வெச்சது நீதானே?' என்ற அந்த ஒரு கேள்வி... அதை அவளிடம் கேள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லையே!

இப்போதும் வெளியே கிளம்பினால் லிஃப்ட்வரை போய்த் திரும்பி வருவாள். கேஸ் அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள். பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மறுபடியும் லிஃப்ட்வரை போவாள், மறுபடியும் திரும்புவாள். அவள் அப்பா, "மகாராணி, நாளைக்காவது கிளம்புவோமா?" என்று கேலி செய்வார். அவருக்கும் எதுவும் தெரியாது.

இன்று காலையும் அப்படித்தான். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தன் கையையே நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

"பூட்டிட்டேன்ல? நீ பாத்தேல்லம்மா?"

"பூட்டிட்டே கண்ணு. நான் பாத்தேன்."

நான் சொன்னால் போதும். உடனே நம்பிவிடுகிறாள்.