ராஜா முகம்மதின் பலகையில் ஒரு வரி

ராஜா முகம்மதை வேலைக்கு எடுத்த முதல் வாரமே அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். காட்சியகத்துக் காவலாள் என்றால் நாற்காலியில் உட்கார வேண்டும், வருகிறவர்கள் எதையும் உடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. இந்த மனிதர் உட்காரவே மாட்டார். அவருக்காக வாங்கிய நாற்காலி மூன்று மாதம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. காலை ஒன்பது மணிக்கு வந்தார் என்றால் ஒவ்வொரு வண்டியாகச் சுற்றுவார், டயரை மிதிப்பார், நட்டைத் திருகுவார், குனிந்து அடியில் பார்ப்பார், மறுபடியும் முதல் வண்டியிலிருந்து ஆரம்பிப்பார். பார்க்கிற எனக்குத் தலை சுற்றும்.

"பாய், நீங்க காவலுக்கு வந்தீகளா, மெக்கானிக் வேலைக்கு வந்தீகளா?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன்.

"சும்மா நிக்கிற வண்டியைப் பாத்தா கையி நமநமங்குது டீச்சர். நான் என்ன செய்ய?"

என் பெயர் உமாதேவி, ஊர் மார்க்கையன்கோட்டை. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவள் என்பதால் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். சின்னமனூர் பக்கம் மூடிக்கிடந்த பஞ்சாலைக் கொட்டகையை ஓர் அறக்கட்டளை வாங்கி, போக்குவரத்துக்கும் தொழில்நுட்பத்துக்குமான காட்சியகமாக மாற்றியது. மாடு இழுக்கும் பாரவண்டி, ஜீப், டைனமோ சைக்கிள்கள், டீசல் பம்புசெட், பழைய ரயில் தண்டவாளத் துண்டு என்று சேர்த்துவைத்து, நிர்வாகத்தை என் தலையில் கட்டினார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வகுப்பில் பேசுகிற பிள்ளையின் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை இது. அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

பாய் கம்பத்துக்காரர். முப்பத்தோரு வருடம் ஜீப் ஓட்டியவர். விடிந்தும் விடியாமல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஏறுவார், சாயங்காலம் அவர்களைத் திரும்ப இறக்கிவிடுவார். அத்தனை வருடத்தில் ஒரு கோழிமீதுகூட ஏற்றியதில்லை. தேநீர் வாங்கித் தருகிறவர், மின் கணக்கு எடுக்க வருகிறவர் என்று யார் கிடைத்தாலும் நிறுத்திவைத்து இதைச் சொல்வார். "பதினெட்டுப் பொம்பளைக ஏறுவாக. சாயங்காலம் பதினெட்டுப் பேரும் வீட்டுல போயி உலை வைப்பாக. ஒருநாளும் ஒரு ஆளு குறைஞ்சதில்ல."

சர்க்கரை கண்ணில் இறங்கியதால் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. வீட்டில் இருந்த ஆறு மாதத்தில் மிக்சி, ஃபேன், பக்கத்து வீட்டு வாஷிங்மெஷின் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டார். அவர் மனைவி முபீனாதான் என்னிடம் வந்து நின்றார். "எங்கனயாச்சும் ஒரு மூலையில போட்டுக்கங்க டீச்சர். இவுக இன்னும் வீட்டுல இருந்தாக, அடுத்து என்னையத்தான் கழட்டிப் பாப்பாக."

எங்களிடம் நிற்கும் ஜீப் அவருடையது இல்லை. போடிப் பக்கம் யாரோ ஓட்டியது. அதைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "எந்த மடையன் டீச்சர் இதுக்கு ஒயரிங் பண்ணுனது? ஹாரனுக்கு ஒரு பட்டன், ஸ்டார்ட்டருக்கு ஒரு பட்டன். ரெண்டும் கறுப்பு, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல!" என்று வாரத்துக்கு நாலு தடவையாவது திட்டுவார்.

இந்தத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'தொட்டுப் பார்க்கும் நாள்' என்று அறிவித்தோம். குடும்பத்தோடு வரலாம், எதையும் தொடலாம், ஏறலாம். பிள்ளைகள் சைக்கிளை மிதித்து பல்பு எரிக்கலாம், ஜீப்பில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கலாம். நாலு மணிக்கு, விபத்தில்லாத ஓட்டுநர் என்று பாய்க்குச் சால்வை. போர்த்துவதற்கு ஓய்வு பெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் வைகுண்டராஜ் வருகிறார். ஐந்து மணிக்கு பாய் ஜீப்பை ஸ்டார்ட் செய்து காட்டுவார். அதற்காகப் புது பேட்டரி போட நானே அனுமதி கொடுத்தேன்.

ஜீப்பின் பக்கத்தில் அவர் படத்தோடு ஒரு பலகையும் வைத்தேன். 'ராஜா முகம்மது, கம்பம். மலைப்பாதையில் 31 ஆண்டுகள். விபத்து: இல்லை.' அவர் அதைத் தோளில் கிடந்த துண்டால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை துடைத்தார். தூசி இருக்கிறதோ இல்லையோ, துடைத்துக்கொண்டே இருந்தார். சால்வைக்காக முபீனா புதுச் சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார்.

அன்றைக்குக் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பல்பு எரிந்தால் ஒரு கத்தல், எரியாவிட்டால் ஒரு கத்தல். ஒருத்தர் கழிப்பறை எங்கே என்கிறார், ஒருத்தர் பிள்ளையைக் காணோம் என்கிறார், மைக்செட்காரன் பாதியில் போய்விட்டான். நான் வாசலுக்கும் மேடைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஜீப் பக்கத்தில் வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பாய், மூன்று மணிக்கு ஒரு சைக்கிளில் சங்கிலி கழன்ற சத்தம் கேட்டு அங்கே ஓடிவிட்டார். கை நமநமவென்றிருக்குமே!

அந்த நேரத்தில்தான் கயல் ஜீப்பில் ஏறினாள். ஒன்பது வயது. அவள் அப்பா செல்லப்பாண்டி வாழைத்தார் ஏற்றும் மினிலாரி வைத்திருப்பவர். மகளைப் படம் எடுக்கச் செல்போனோடு பக்கவாட்டில் நின்றார். "ஹாரனை அடி ஆத்தா" என்று வரிசையில் யாரோ சொல்ல, அவள் பட்டனை அமுக்கினாள். அது ஸ்டார்ட்டர் பட்டன்.

ஜீப் ஒரு குதி குதித்து முன்னால் பாய்ந்தது. பயத்தில் பிள்ளை பட்டனை விடவில்லை. இன்னும் இரண்டு குதி. வரிசைக்காகக் குறுக்கே கட்டியிருந்த கயிறு அறுந்தது. வரிசையாக நின்ற சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, கடைசிச் சைக்கிள் சங்கிலியம்மாள் என்கிற பெண்ணின் கால்மேல் விழுந்தது. கைக்குழந்தையோடு நின்றவர் ஒருவர் ஒரு அடி தள்ளி நின்றதால் தப்பினார்.

நான் ஓடிப்போய் என்ன செய்தேன்? அந்தப் பிள்ளையைப் பிடித்து இறக்கிக் கத்தினேன். "ஹாரன்னுதானே சொன்னோம்? கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு? பேரு என்ன? சொல்லு, பேரு என்ன?"

"க... கயல்."

அத்தனை பேர் முன்னால் விபத்துப் பதிவேட்டை எடுத்து எழுதினேன். 'சிறுமி கயல், வயது 9, சொன்னதைக் கேட்காமல் வண்டியை இயக்கியதால்.' செல்லப்பாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது. மகளின் முதுகில் ஒன்று வைத்தார். நான் தடுக்கவில்லை. அலுவலக வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் "இந்தப் பிள்ளைதானா?" என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பாய் அப்போதுதான் ஓடிவந்தார். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். பிறகு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், வாசல்வரை போனார், திரும்பி வந்தார், பலகைக்கு முன்னால் நின்றார். துண்டு தோளில்தான் கிடந்தது, துடைக்கவில்லை. வழக்கமான தவிப்புதான் என்று நினைத்தேன்.

நாலு மணிக்குச் சால்வை மேடைக்கு வந்துவிட்டது. பாய் மேடைக்குப் போகாமல் என் மேசைக்கு வந்தார்.

"டீச்சர், அந்த நோட்டுல இருக்க பிள்ளை பேரை அடிங்க."

"எதுக்கு?"

"நியூட்ரல்ல நின்னா, பட்டனை அமுக்குனாலும் கர்ருன்னு சத்தந்தான் வரும். வண்டி நகராது. ஃபர்ஸ்ட் கியர்ல விட்டது நானு."

அவர் ஜீப் பக்கம் கையை நீட்டினார். காலையில் அவர் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்த கல் அங்கேயே கிடந்தது. ஜீப் அதிலிருந்து நாலடி தள்ளி நின்றது. மேட்டில் நிறுத்துகிற பழக்கம் அது. மலை ஜீப்பில் ஹேண்ட்பிரேக்கை யாரும் நம்ப மாட்டார்கள். கியரில் போட்டு, பின்னால் சரியாமல் இருக்கப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். முப்பத்தோரு வருடம் செய்ததைச் சமதளத்திலும் கை தானாகச் செய்துவிட்டது. முன்சக்கரத்துக்குக் கல் இல்லை.

"மெதுவாப் பேசுங்க பாய்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "ஆய்வாளர் மேடையில உக்காந்திருக்காரு. சால்வையை வாங்கிட்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம்னா எப்ப? அந்தப் பிள்ளை அழுதுட்டே வீட்டுக்குப் போன பெறகா?"

"முப்பத்தோரு வருசம் பாய். எல்லாம் போயிரும்."

"முப்பத்தோரு வருசமும் வண்டியில ஏறுன ஆளுக்கு என்ன ஆனாலும் என் பொறுப்புன்னுதான் ஓட்டுனேன். இந்தப் பிள்ளையும் நான் நிறுத்துன வண்டியிலதான ஏறுச்சு?"

நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் அவரே தன் பெயரை எழுதினார். கத்தியது எல்லோர் முன்னாலும் என்பதால், பிள்ளைமேல் தப்பில்லை, வண்டி கியரில் நின்றது என்று மைக்கைப் பிடித்து நானே எல்லோரிடமும் சொன்னேன். வைகுண்டராஜ் சால்வையை மடித்து மேசைமேல் வைத்தார். முபீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்த சங்கிலியம்மாள் மட்டும், "சரிப்பா, அஞ்சு மணிக்கு ஸ்டார்ட் பண்றேன்னீகளே, அது உண்டா இல்லியா?" என்று கேட்டார். அது இல்லை.

பாய் கயல் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "ஆத்தா, உன் மேல தப்பு இல்ல. கியர்ல விட்டது நானு." அவள் நிமிரவே இல்லை. செல்லப்பாண்டி அவளைத் தூக்கிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் போனார்.

இனி எந்த வண்டியின் சாவியையும் பாய் தொடக்கூடாது என்று அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆனால் பாய் என்னை விடவில்லை. "பலகையை மாத்துங்க டீச்சர்" என்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நாலாம் நாள் தாங்க முடியாமல் பெயிண்டரை வரச்சொன்னேன். 'விபத்து: ஒன்று. வண்டியைக் கியரில் விட்டது ஓட்டுநரின் தவறு.' இப்போது எல்லாச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்துக்கொண்டு திரிகிறார். பாரவண்டிக்குக்கூட வைத்திருக்கிறார்!

இரண்டு ஞாயிறு கழித்து செல்லப்பாண்டி கயலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வந்தவள் சைக்கிளைப் பார்க்கவில்லை, ஜீப்பைப் பார்க்கவில்லை. நேராகப் பலகைக்குப் போய், விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். பலகைக்குப் பின்னால் போயும் பார்த்தாள்.

"எம் பேரு இல்லப்பா" என்றாள்.

பிறகு என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், நோட்டுல?"

பதிவேட்டைத் திறந்து காட்டினேன். "அடிச்சாச்சு கயல். அன்னைக்கு உன்னைத் திட்டுனது என் தப்பு. என்னை மன்னிச்சுக்க."

அவள் அடித்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பக்கத்தில் இருந்ததைக் காட்டி, "இது யாரு பேரு?" என்றாள்.

"என் பேரு ஆத்தா" என்றார் பின்னால் கட்டையோடு நின்ற பாய்.

அவள் அவரையும் பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜீப்பிடம் போய், கியர் கம்பியைப் பிடித்து, நியூட்ரலில்தான் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.