கோலமாவில் போட்ட குறி

“உனக்கு எதுக்குடி அந்தக் கதை? அடுப்புல பால் பொங்குதான்னு பாக்காம, கெழவி செஞ்ச திருட்டுத்தனத்தத் தோண்டிக்கிட்டு நிக்கிற.”

பேத்தி கேட்கும்போதெல்லாம் இப்படித் திட்டித்தான் விரட்டுவேன். ரோடு போட்டாகிவிட்டது, இனி சொல்லலாம்.

மீன்சுருட்டி மெயின் ரோட்டுக்குப் போகிற எங்கள் மண்பாதையில் ஒரு பள்ள வளைவு. அத்தனையும் கரிசல். மூன்று மழைக்கு முன்னால், என் வீட்டுக்காரரை ஏற்றிய ஆம்புலன்ஸ் அங்கேதான் சக்கரம் முழுக்கப் புதைந்தது. அவரைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு நடந்தோம். மெயின் ரோடு வந்தபோது அவர் கையில் சூடு இல்லை.

போன வருசம் ரோடு போட மண்ணைச் சோதிக்க வந்தார்கள். வளைவில் சுண்ணாம்புத் தூளால் ஒரு குறி போட்டுவிட்டு, மறுநாள் வருகிறோம் என்று போனார்கள். நான் ரெண்டாங்கிளாசில் பெயிலாகி நின்றவள். கரிசல் பெயிலானால் ரோடு வராது என்று முடிவு கட்டினேன். சாயங்காலம் துடைப்பத்தால் சுண்ணாம்பைத் தள்ளிவிட்டு, கொஞ்ச தூரத்தில் பழைய நெற்களம் பாதையோடு சேர்ந்துபோன இடத்தில் அதே குறியைப் போட்டேன். கையில் இருந்தது கோலத்துக்கு வைத்த பச்சரிசி மாவு. காலங்காலமாக மாடு மிதித்த தரை அது.

காலையில் இஞ்சினியர் பெண் ஒருத்தி ரெண்டு ஆட்களோடு வந்தாள். கூரான இரும்புக் கம்பியை நட்டு, அதில் கோத்திருந்த சுத்தியலைத் தூக்கித் தூக்கி விட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று அவள் எழுதினாள். அது இறங்கினால்தானே.

“பாஸா தாயி?”

“சூப்பர் பாட்டி. மண்ணு இவ்ளோ கெட்டின்னா ரோட்ட மெலிசாவே போட்டுடலாம்.”

“பொதபொதன்னு இருந்தா?”

“அப்ப அடியில கிராவல், ஜல்லின்னு கனமாப் போட்டுத்தான் மேல தார் போடணும். இல்லாட்டி வண்டி ஏறுனா உள்ள போயிடும்.”

கட்டில் சட்டம் அழுத்திய தோள் மறுபடி கனத்தது. என் கெட்டிக்காரத்தனத்தால் இன்னொருத்தர் வண்டியும் அங்கே புதையப் போகிறது.

“கண்ணு, அந்தக் குறி நான் போட்டது.”

“அதான பாத்தேன். சுண்ணாம்புல என்னைக்குப் பாட்டி எறும்பு மேஞ்சிச்சு?”

சிரித்தவள், நான் காரணத்தைச் சொன்னதும் நிறுத்திவிட்டாள்.

“எந்த எடத்துல புதைஞ்சுது?”

காட்டினேன். அங்கே சுத்தியல் நாலைந்து முறை விழுந்ததுமே கம்பி சரசரவென்று உள்ளே போனது.

“பெயிலு” என்றேன்.

“பெயிலுதான் பாட்டி. கனமாப் போடணும்னு எழுதிடுறேன்.”

ஒரு சாக்கில் அந்த மண்ணையும் அள்ளிக்கொண்டாள். நாலு நாள் தண்ணீரில் ஊறவைத்து, எவ்வளவு பாரம் தாங்கும் என்று அழுத்திப் பார்ப்பார்களாம். ஊறினால் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

எதுக்கு ரெண்டு இடத்தில் அடித்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள்.

“என் கோழி குறியக் கெளறிடுச்சுடி. அது பாவம், ஆபீசர் எல்லாம் விசாரிக்க வேணாம்னு நேத்தே கொழம்பு வச்சிட்டேன்.”