கல்லுக்கு இரண்டு குடம்

ஸ்ரீராம்புரத்தில் நாங்கள் குடியிருந்த சந்துக்கு ஒரே குழாய். காலையில் மட்டும் தண்ணீர் வரும், குடங்கள் தெருமுனை வரை வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் என்னை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. என் வாய் அப்படி. இன்றைக்கு நினைத்தாலும் அந்த வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

என் வீட்டுக்காரர் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு, என்னையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்துவிட்டார். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளில்லை அவர். பழைய சாமான் கடையில் ஒரு சின்ன மோட்டாரும், விளிம்பில் வைரத்தூள் பதித்த வட்டத் தகடும் வாங்கி வந்து, பின்பக்கத் தகரக் கொட்டகையில் கல் அறுக்கும் ரம்பம் ஒன்றைத் தானே பூட்டினார். கண்டோன்மெண்டில் ஒரு கடைக்காரர் கற்களைக் கொடுப்பார். அவற்றை பிஸ்கட் கனத்துக்கு வில்லை வில்லையாக அறுத்துக் கொடுக்க வேண்டும்.

வெளியே பார்த்தால் உருளைக்கிழங்கு மாதிரி கிடக்கிற கல், அறுத்தால் உள்ளே சிவப்பும் தேன் நிறமுமாக வரி ஓடியிருக்கும். ஒவ்வொரு வில்லைக்கும் என்னைக் கூப்பிடுவார். "இங்க வந்து பாரும்மே, இத நமக்கு முன்னாடி ஒருத்தனும் பாத்திருக்க மாட்டான்!" அடுப்பில் வேலை கிடக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். பார்க்கப் பிடிக்கத்தான் செய்தது.

ரம்பத்துக்கு மேலே ஓட்டை போட்ட பால் டின் ஒன்று தொங்கும். அதிலிருந்து தகட்டின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "தண்ணி இல்லாட்டி தூசு கெளம்பி நெஞ்சுல போய் ஒக்காந்துக்கும். கீழ சுரங்கத்துலயும் தண்ணி விட்டுத்தான் தொள போடுவோம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். காதில் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை. தினமும் இரண்டு குடம் தண்ணீர் சேறாகிச் சாக்கடைக்குப் போவதுதான் என் கண்ணில் பட்டது.

அந்தக் கோடையில் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டுக்காரியோடு குடத்தால் இடித்துக்கொண்டு சண்டை போட்டு, முழங்கை சிராய்த்து வீட்டுக்கு வருகிறேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதி பால் டின்னில் இருக்கிறது. எனக்கு வந்ததே ஆத்திரம்! "யோவ், நீ ஒரு நாள் வந்து நின்னு பாருய்யா அந்தக் கொழாயில! புள்ளைங்க குடிக்கிற தண்ணிய கல்லுக்கு ஊத்துறியே, கல்லா உனக்குக் கஞ்சி ஊத்தும்?"

கல்தான் ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் டின்னைக் கழற்றித் தண்ணீரைக் குடத்திலேயே திருப்பி ஊற்றினார்.

மறுநாளிலிருந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அறுத்தார். கொஞ்சம் அறுப்பார், தகடு ஆறட்டும் என்று நிறுத்துவார், மறுபடி அறுப்பார். வெளியே வரும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும். "இன்னாய்யா, மாவு மில்லுல வேலைக்குச் சேந்துட்டியா?" என்று கேலி செய்தேன். கல்லில் ஈரம் பட்டால்தான் நிறம் தெரியும், அதனால் வில்லையை நாக்கு நுனியால் தடவிப் பார்த்துக்கொள்வார். அதற்குக்கூட ஒரு கை தண்ணீர் கேட்கவில்லை அந்த மனுஷன். நானோ குழாயடியில், "எங்க வூட்டுக்காரருக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று பெருமை அடித்துக்கொண்டேன். மழைக்காலத்தில் தண்ணீர் பழையபடி தினமும் வந்தது. டின்னை மாட்டிக்கொள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வருஷம் இருமல் அவரை உட்கார விடவில்லை, படுக்கவும் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் சுரங்கத்திலதான் வேலையா?" என்று கேட்டார்.

"இல்ல சார். வூட்லயே கல்லு அறுக்கறேன்."

"தண்ணி விட்டுத்தானே?"

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா சார், தண்ணி விட்டுத்தான்" என்றார். சந்து அதிரப் பேசுகிறவள், அங்கே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பஸ்ஸில் கேட்டேன், ஏன் பொய் சொன்னாய் என்று. "அந்தாளு உன்னத் திட்டுவாரும்மே" என்றார்.

அதற்குப் பிறகு நானே டின்னை நிரப்பி வைத்தேன். கல்லைப் பிடித்துத் தகட்டில் கொடுக்க அவர் கையில் பலமில்லை. நான் ஓட்டையை அடைத்து வைத்த அந்தத் தண்ணீரில் கொசு முட்டையிட்டது.

அவர் போன அன்று, குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரப் போனவள் என்னோடு சண்டை போட்ட அதே பக்கத்து வீட்டுக்காரிதான். "சாவு வூட்டுக்குத் தண்ணிடீ, வழி விடுங்க!" என்று அவள் கத்தியது வீடு வரை கேட்டது. வரிசை முழுக்க ஒதுங்கிக்கொண்டதாம். குடம் குடமாக வந்தது. வாசலில் பெஞ்சில் கிடத்தி ஊற்றினார்கள். சந்தெல்லாம் தண்ணீர் ஓடியது. யாரோ போதும் என்றார்கள். நான் விடவில்லை, இன்னும் ஊத்துங்க, இன்னும் ஊத்துங்க என்று அலறினேன். அவர் என்னிடம் கேட்டது இரண்டு குடம்.