கன்னத்துக்குள் போன நூல்

2008-ஆம் வருடம். கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் நானும் மனைவியும் மட்டும் குடியிருந்தோம். சொந்த ஊர் மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி. அங்கே என் அண்ணன் குடும்பமும் எங்கள் விவசாயக் காடும் இருந்தன.

எனக்குக் காது கேட்காது. பிறவியிலிருந்து அல்ல. முப்பது வயதில் காசநோய் வந்து மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். நோய் போனது. போகிற போக்கில் காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் மிச்சம். ஆபீசில் எழுதிக் காட்டுவார்கள். மற்ற இடங்களில் என் மனைவிதான் எனக்குக் காது. கடை, பஸ், கல்யாண வீடு எங்கேயானாலும் யாராவது என்னிடம் வாயைத் திறந்தால் அவள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். பிறகு சாவகாசமாக எனக்கு உதட்டை அசைத்துச் சொல்வாள்.

உதடு என்று சொல்கிறேனே தவிர, பாதிக்கு மேல் சேதி முகத்தில்தான் வரும். வலது கன்னத்தை உள்ளே இழுத்தால் ‘இந்த ஆள் புளுகுகிறான்’ என்று அர்த்தம். ஒருமுறை மேலதிகாரி வீட்டுக்கு வந்து தன் நேர்மையைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது, அவள் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே கன்னத்தை இழுத்தாள். நான் வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்தேன். அந்த வருடம் நான் கேட்ட இடமாறுதல் கிடைக்கவில்லை. மலையிலேயே கிடந்தோம்.

அவளுக்குச் சர்க்கரை வந்தது. கண்டுபிடிப்பதற்குள் உடம்பு பாதியாகிவிட்டது. குண்டுக் கன்னம் வற்றி, தாடைக்குக் கீழே தோல் தொங்கியது. தலையும் வேகமாக நரைத்தது. என்னைவிட அவளுக்கு இரண்டு வயது குறைவு. எங்கள் வம்சத்தில் நரை தாமதம்; நான் வேறு ஒல்லிக்குச்சி. அவள் கண்ணாடி முன் அதிக நேரம் நிற்க ஆரம்பித்தாள். இதையெல்லாம் நான் அப்போது பெரிதாக நினைக்கவே இல்லை.

ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஏனுங்க, சேலத்துல ஒரு எடத்துல தொங்கற மொகத்தைத் தூக்கி உட்டர்றாங்களாம். கத்தியே வெக்கறதில்லையாம். வெறும் நூலுதானாம்.”

“எதுக்கு அம்மிணி இப்ப அதெல்லாம்?”

“என்ற அண்ணன் மக கண்ணாலம் வருதில்லீங்க? போட்டோவுல நல்லாத் தெரியட்டுமேன்னுதான்.”

நான் யோசிப்பதைப் பார்த்து அவளே சமாதானமும் சொன்னாள். “நீங்க பாக்கறது என்ற ஒதட்டைத்தானுங்க? ஒதட்டுல ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஒரு பெண்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறாள், செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கிளினிக்கில் எல்லாமே பளபளவென்று இருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர். எனக்காகப் படம் வரைந்தே காட்டினார். நூலில் தூண்டில் முள் போலப் பொடிப்பொடியாக முட்கள். நெற்றிப் பொட்டுக்கு மேல் முடிக்குள்ளிருந்து நீள ஊசியால் தாடை வரைக்கும் நூலைக் கொண்டுபோவார்களாம். முள் சதையைப் பிடித்துக்கொள்ளும். மேலே இழுத்து முனையை வெட்டிவிட்டால் முடிந்தது. சர்க்கரை உண்டா என்று கேட்டார். மாத்திரை சாப்பிடுகிறேன் என்றாள். அதோடு சரி, ரத்தம் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்தவளைப் பார்த்து நிஜமாகவே அசந்துபோனேன். கன்னம் வீங்கியிருந்தாலும் மேலே ஏறியிருந்தது. வாயை அகலமாகத் திறக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கக் கூடாது, முகம் குலுங்கக் கூடாது என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போகலாமா என்று கேட்க எங்கள் இருவருக்கும் புத்தி வரவில்லை.

காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி என் அண்ணன் வீட்டில் சில நாள் தங்கியிருக்கலாம். வீங்கின முகத்தோடு போனால் ஆளாளுக்குக் கேட்பார்கள் என்று அவள் மறுத்துவிட்டாள். அதனால் நேராக மலைக்கு ஏறினோம்.

அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். கொண்டை ஊசி வளைவு ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அவள் ஜன்னலோரம் இரண்டு கையாலும் கன்னத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் முகத்தில் இருந்தால் கம்பியைப் பிடிப்பது எப்படி? நான் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். பாதி மலை ஏறியிருப்போம். எதிரே லாரி வந்திருக்க வேண்டும், டிரைவர் பிரேக்கை அழுத்தினார். நான் முன் சீட்டில் மோதினேன். நிமிர்ந்து பார்த்தால் பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று புரியவில்லை. அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தேன். என் மனைவி வாயை முழுக்கத் திறந்து அலறிக்கொண்டிருந்தாள். இடது கன்னம் ஜன்னல் கம்பியில் அடிபட்டிருந்தது. ஊரே கேட்ட அலறல், அணைத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்கவில்லை.

“உள்ளார என்னமோ அறுந்துபோச்சுங்க” என்றாள்.

இடது பக்கம் இறங்கிவிட்டது. வலது பக்கம் தூக்கியபடியே நின்றது. கிளினிக்குக்குப் போன் செய்தால் போகப் போகச் சரியாகிவிடும் என்றார்களாம். சரியாகவில்லை. தலை சீவும்போது இடது காதோரம் சீப்பில் நூல்முனை இடறியது. அந்த இடம் சிவந்து, பழுத்து, சீழ் வைத்தது. காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மறுபடி அதே பாதையில் இறங்கி, சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

அங்கே அவளுக்கு முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள். நர்ஸ் என்னிடம் ஏதோ கேட்டார். காது கேட்காது என்று சைகை காட்டி, சட்டைப் பையிலிருந்த தாளை நீட்டினேன். அவர் எழுதிக் கொடுத்தார்.

‘நோயாளி உங்கள் அம்மாவா?’

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவளும் சிரிப்பாள் என்று கொண்டுபோய்க் காட்டினேன். படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு துளி ஆச்சரியம்கூட இல்லை. அப்போதுதான் கேட்டேன்.

“இதுக்கு முன்னாடி யாராச்சும் இப்படிக் கேட்டிருக்காங்களா?”

கட்டுக்கு நடுவே உதடு மெதுவாக அசைந்தது. “பஸ்ஸுல, கோயல்ல, கண்ணால ஊட்டுல, எல்லாப் பக்கமும் கேப்பாங்க. ஆமான்னு சொல்லிருவனுங்க. இல்லைன்னா அதுக்கு வேற நாயம் பேசோணுமே.”

நான் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். பல்லைக் காட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். என்னை நோக்கி வந்த கேள்வியை எல்லாம் அவள் வாங்கிக்கொண்டு, எனக்கு மட்டும் ‘ஊர் எதுன்னு கேட்டாங்க’ என்று சொல்லியிருக்கிறாள். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதது எவ்வளவு சத்தமாக இருந்தது என்று தெரியாது. ஒரு அம்மா வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

அங்கிருந்த பெரிய டாக்டர் எனக்குப் பொறுமையாக எழுதி விளக்கினார். முள் நூல் உள்ளே போவது சுலபம், வெளியே எடுக்கும்போது சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். இடது பக்கம் சீழ் வைத்ததால் வேறு வழியில்லாமல் எடுத்தாயிற்று. வலது பக்கம் நரம்பு அடிபட்டிருக்கிறது, நோண்டாமல் விடுவதே நல்லது. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால்கூட தூக்கின தோல் ஒன்றிரண்டு வருடத்தில் திரும்ப இறங்கிவிடும். மரத்த இடத்துக்கு உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

கல்யாணத்துக்குப் போனோம். போட்டோ எடுக்கும் நேரம் அவள் பந்தி பரிமாறுகிற பக்கம் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் எனக்கு அடி விழுந்தது. வலது கன்னம் அசையவில்லை. உதட்டோரம் மேலே இழுத்தபடி நின்றுவிட்டது. உதடு அசைவது தெரியும், என்ன சொல்கிறாள் என்றும் ஓரளவு தெரியும். கேலியா, கோபமா, பயமா என்று மட்டும் தெரியாது. எனக்கு இரண்டாவது முறையாகக் காது போனது.

மறு வருடம் அவளுடைய அண்ணன் மகளுக்குப் பிரசவ நேரம். மைத்துனரிடமிருந்து எந்த நிமிடமும் போன் வரும் என்று காத்திருந்தோம். எங்கள் குவார்ட்டர்ஸில் வாசலுக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். போனை எடுத்துக்கொண்டு போனவள் சற்று நேரத்தில் திரும்பி வந்தாள். வாசல் வெளிச்சம் அவளுக்குப் பின்னால். வலது பக்கம் என்னைப் பார்க்கத் திரும்பியிருந்தது. உதட்டோரம் மேலே ஏறியிருந்தது. நான் குதித்து எழுந்து கைதட்டினேன்.

“பொறந்துருச்சா? பையனா, புள்ளையா?”

அவள் அப்படியே நின்றாள். நான் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தேன். பிறகு முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பினாள். இடது கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது.

“அப்பா போயிட்டாருங்க.”

அப்பாவை இழந்து வந்து நிற்கிற பெண்ணுக்கு முன்னால் நான் கைதட்டிச் சிரித்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. பெட்டியை எடுத்துத் துணி அடுக்கினாள். மலை இறங்கும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

இந்தச் சிகிச்சை செய்துகொண்ட எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாக இருப்பவர்களும் இருப்பார்கள். கட்டிய மனைவி கண்ணாடி முன் ஏன் அதிக நேரம் நிற்கிறாள் என்று பக்கத்தில் இருப்பவர் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

டாக்டர் சொன்னபடியே வலது பக்கத் தோலும் இறங்கிவிட்டது. உணர்வும் அசைவும் மட்டும் திரும்பவில்லை. இப்போது எங்கே போனாலும் அவளுக்கு இடது பக்கமாகவே உட்காருகிறேன். அந்தப் பாதி முகம் என்னோடு இன்றும் பேசுகிறது. மறுபாதி எனக்குத் தெரியாமல் எத்தனை முறை அழுதிருக்குமோ என்ற நினைப்பு வரும்போதெல்லாம், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற கை நடுவில் நின்றுவிடுகிறது.