நோட்டுக்குள் ஒரு காகிதம்

ஸ்கேன் சென்டரில் அவரை எல்லோரும் கம்ப்யூட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிண்டர் பேப்பரை மென்றாலும் அக்கா, மின்விசிறி நின்றாலும் அக்கா. பதினெட்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. அவரும் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார்.

அந்த வாரம் அவர் தலையைத் தின்றது வேறு விஷயம். சென்டருக்குப் புது மென்பொருள் வருகிறது. ஸ்கேன் படங்கள், ரிப்போர்ட்டுகள், நோயாளிகள் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதங்கள் எல்லாவற்றையும் டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டுவிடுவதா, இல்லை ஃபோல்டர்களில் வைத்துவிட்டு, எது எங்கே இருக்கிறது என்ற விலாசத்தை மட்டும் டேட்டாபேஸில் எழுதுவதா? உள்ளே போட்டால் எதுவும் தொலையாது. ஆனால் டேட்டாபேஸ் ஊதிப் பெருத்து, இன்றைய பேக்கப் முடிவதற்குள் நாளை வந்துவிடும். வெளியே வைத்தால் வேலை சுருக்காக நடக்கும். ஆனால் எவராவது ஒரு ஃபோல்டரை நகர்த்தினால் போச்சு, விலாசம் இருக்கும், படம் இருக்காது. திங்கட்கிழமைக்குள் முடிவு வேண்டும் என்று சென்டரை நடத்தும் டாக்டர் கெடு வைத்திருந்தார்.

வெளியேதான் என்று அக்கா முக்கால்வாசி தீர்மானித்தாயிற்று. வீட்டிலேயே அவருடைய ஏற்பாடு அதுதானே. காகிதமெல்லாம் பீரோவில், எந்தத் தட்டு, எந்த நிறக் கவர் என்ற விவரமெல்லாம் ஒரு நீள நோட்டில். அந்த நோட்டைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மகள் போன் செய்தாள். “அம்மா, காலேஜ்ல பர்த் சர்டிஃபிகேட் ஒரிஜினல் கேக்குறாங்க. நாலு மணிக்குள்ள குடுக்கலன்னா சீட்டை அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்.”

“இதுக்கா இவ்வளவு பதட்டம்? அஞ்சு நிமிஷ வேலை.”

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தார். இரண்டாம் தட்டு, பச்சைக் கவர். பச்சைக் கவருக்குள் மிக்சியின் கேரண்டி அட்டை பல்லிளித்தது.

பிறகு அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பீரோ காலி, அலமாரி காலி, மெத்தை தலைகீழ். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்கா அறை அறையாக அலைந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கணவர் வேலை நேரத்தில் போனை எடுக்கவே மாட்டார். மணி இரண்டைத் தாண்டியது. ராப்பகலாகப் படித்து வாங்கிய சீட்டு. அம்மாவின் கெட்டிக்காரத்தனத்தால் போய்விடுமோ என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இரண்டரைக்குச் சாப்பிட வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “என்ன இது, வீடு மாறப் போறோமா?”

“பொண்ணு சர்டிஃபிகேட் எங்கங்க?”

“அதுவா?” அவர் அக்காவின் கக்கத்திலிருந்து நோட்டை உருவி, அதன் பின்னட்டை பிளாஸ்டிக் உறைக்குள் விரலை விட்டு, மடங்காத ஒரு காகிதத்தை வெளியே இழுத்தார். “போன மாசம் பீரோவை ஒழுங்கு பண்ணேன். எப்படியும் நீ முதல்ல நோட்டைத்தான தொறப்ப. அதான் இதுலயே வச்சுட்டேன்.”

“அதை நோட்டுல எழுதியிருக்கக் கூடாதா?”

“நோட்டுக்குள்ளயே இருக்கறதை எதுக்கு எழுதணும்?”

அக்காவுக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை. செருப்பை மாட்டும்போதுதான் பகீரென்றது. “வீட்டுப் பத்திரத்தையும் எங்கயாவது மாத்திட்டீங்களா?”

“இதுலயே வச்சுப் பாத்தேன். தடிமனா இருக்கு, நோட்டு மூட மாட்டேங்குது. பீரோலயே விட்டுட்டேன்.”

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காகிதம் மகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை டாக்டர் கேட்டார். “என்னம்மா, உள்ளயா வெளியயா?”

“கடிதம், ரிப்போர்ட் மாதிரி சின்னதெல்லாம் உள்ள, டாக்டர். படமெல்லாம் தடிமன், அது வெளியவே இருக்கட்டும். ஆனா அந்த ஃபோல்டரை மென்பொருள் மட்டும்தான் தொடணும். மனுஷங்க யாரும் தொடக் கூடாது.”

“நம்ம ஆளுங்க யாரும் வேணும்னு கெடுக்க மாட்டாங்களேம்மா.”

“கெடுக்கறவங்களுக்கு நான் பயப்படல, டாக்டர். ஒழுங்கு பண்றவங்களுக்குத்தான் பயப்படறேன்.”