ஈரக் காற்றின் கணக்கு

ஜப்பான்காரன் வந்து பள்ளிக்கூடத்தை மூடியதும், அறிவியல் வாத்தியாராக இருந்த என் கணவருக்கு வேலை போனது. செமிலிங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், என் அண்ணனோடு ஒண்டிக்கொண்டோம். மரவள்ளிக் கிழங்குதான் சோறு. கணக்குத் தெரிந்தவர் என்று யாரோ சொல்லிவிட, விமானத் திடலின் வானிலைக் கொட்டகைக்கு அவரை இழுத்துப் போனார்கள்.

அங்கே காற்றின் அடர்த்தியைச் சொல்லவேண்டும். காற்று லேசானால் விமானம் எழும்ப அதிக தூரம் ஓடவேண்டுமாம். "வகுப்புல நடத்தின வாயு விதிதான்" என்றார். அழுத்தத்தைக் காற்றின் மோலார் நிறையால் பெருக்கி, வாயு மாறிலியாலும் கெல்வின் வெப்பநிலையாலும் வகுத்தால் அடர்த்தி. உச்சி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ நூற்றைம்பது கிராம்.

அடைமழை விட்டுப் புழுங்கிய ஒரு காலையில், கிழங்கை உரித்தபடி கேட்டார்.

"ஈரக் காத்து கனமா, லேசா?"

"கனம்தான். ஈரத்துணி கனக்கலையா?"

"இல்ல. நீராவி லேசு. அது எடம் புடிச்சா கனமான காத்து வெலகிரும். இன்னிக்கு விமானத்துல சுமையக் கொறைக்கச் சொல்லணும்."

"கேட்டத மட்டும் குடுத்துட்டு வாங்கலா. அவனுங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க."

அவர் சொல்லிவிட்டார். மழைக் காற்று கனமென்று குழந்தைக்கும் தெரியும் என்று அதிகாரி காதோடு சேர்த்து அறைந்தான். சுமையைக் குறைக்கவில்லை. அன்று மதியம் விமானம் எழும்பாமல் ஓடி, ரப்பர் மரங்களில் மோதி எரிந்தது. பழிபோட ஓர் ஆள் வேண்டுமே! இவரைச் சதிகாரன் என்று சொல்லி, சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஏற்றிவிட்டார்கள். முகம்கூடப் பார்க்க விடவில்லை.

சண்டை ஓய்ந்து திரும்பியவருக்கு ஒரு கால் புண்ணில் அழுகியிருந்தது, வலக்காது கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் வேலை கேட்டுப் போனார். திரும்பி வந்த வெள்ளைக்காரத் துரை, "ஜப்பான்காரன் விமானத் திடலில் வேலை செய்தவன்தானே நீ?" என்று அனுப்பிவிட்டான்.

"அடி வாங்குனத, சயாம் போனதச் சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன்.

"சொன்னேன். அவன் கேக்கல."

சரியாகச் சொன்னதற்கு ஒருவன் அடித்தான். அந்த அடி விழுந்த இடத்தில் இருந்ததற்கு இன்னொருவன் தண்டித்தான். மறுநாள் விடியலில் என் கணவர் ரப்பர் பால்வெட்டும் கத்தியோடு நொண்டியபடி, தோட்டத்தில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போனார். சாகும்வரை பால்வெட்டுதான் அவர் வேலை.